அழிக்காமல் விட்ட ட்ராக்

வீட்டில் அவளுக்கு முணுமுணு என்று பெயர். பல் தேய்க்கும்போதும் முணுமுணுப்பாள், துணி காயப்போடும்போதும் முணுமுணுப்பாள், திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவள் தன் குரலைக் கேட்டுத் தானே வெலவெலத்துப் போய் நின்றது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில். கடைப்பெண் போனில் பாட்டை ஓடவிட்டுக்கொண்டே தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குழாயைத் திற, குழாயைத் திற, நான் பேசுறது வெளிய கேக்கக் கூடாது. மாவு டப்பாக்குள்ள சாவி தூங்குது, அதை யாரும் எழுப்பக் கூடாது."

"நல்லா இருக்குல்லக்கா? காலையிலேர்ந்து எல்லாரும் இதைத்தான் அனுப்பிட்டே இருக்காங்க," என்றாள் கடைப்பெண்.

பாடினவளே எதிரில் நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும்? முணுமுணு கொடுத்த தாளையும் வாங்காமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

பாட்டு ஊரெல்லாம் ஓடினால் பாடினவள் குதிக்க வேண்டியதுதானே, இவள் ஏன் பேயறைந்த மாதிரி ஓடுகிறாள் என்று கேட்பீர்கள். அதற்கு அவள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முணுமுணு ட்ராக் பாடுகிறவள். பெயர் பெற்ற பாடகி வந்து பாடுவதற்கு முன், பாட்டு இப்படித்தான் போகும் என்று காட்டுவதற்காக ஒருத்தி பாடி வைக்க வேண்டும். அதுதான் ட்ராக். அந்தப் பாடகி வருவார், காதில் போட்டுக் கேட்பார், அதே மாதிரி பாடிவிட்டுப் போவார். அப்புறம் இவள் குரலை அழித்துவிடுவார்கள். கல்லூரி முடித்த நாளிலிருந்து அவள் பாடியதெல்லாம் இப்படி அழிந்ததுதான். கூடவே ஆரம்பித்த தோழிகளில் ஒருத்தி ஹோட்டலில் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே பாடுகிறாள், ஒருத்தி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள், இன்னொருத்தி வீட்டுமனை ஆபீசில் போன் எடுக்கிறாள். மூவரும் ஒரு காலத்தில் சொந்தப் பாட்டு எழுதியவர்கள். "சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு, அதையும் நீயே பாடினா யாரு கேப்பா?" என்று எல்லாரும் கேட்டார்கள். முணுமுணு மட்டும்தான் விடாப்பிடியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் பாட்டில் மெட்டுதான் முதலில் வரும். சொல் அப்புறம். சொல் வரும்வரைக்கும் மெட்டைப் பிடித்து வைக்க வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுவாள், அதை டம்மி என்பார்கள். கடைக் கணக்கு, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவும் வரும். அழியப்போகிற குரல்தானே, எதைக் கொட்டினால் என்ன என்று மைக் முன்னால் நின்று பழகியவள். ஸ்டூடியோவில் தன் சொந்தப் பாட்டு ஒன்றுக்கு டம்மி பாடிய அன்றைக்கு மனசு முழுக்க அக்கா இருந்தாள். அதனால் அக்கா சொன்னதுதான் வாயில் வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறார். கடை கீழே, வீடு மாடியில். ரொம்பத் தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. அந்தத் தங்கமான மனுஷன் காலையில் கடை திறக்க இறங்கும்போது மாடிப்படியின் உச்சியில் இருக்கும் கம்பிக் கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொள்வார். அடிப்பது துணி மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான். அக்காவின் போனை ராத்திரியானால் வாங்கிப் பார்ப்பார். அதனால் அக்காதான் கூப்பிடுவாள், இவள் கூப்பிடக் கூடாது. குளியலறையில் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பேசுவாள். முடிந்ததும் தடயத்தை அழித்துவிடுவாள். பூட்டு மாற்றிய அன்றைக்குக் கூட வந்த சாவிகளில் ஒன்றை எடுத்து மாவு டப்பாவில் புதைத்து வைத்திருந்தாள். அடுத்த வாரம் அவர் சரக்கு எடுக்க வெளியூர் போவார், அன்றைக்கு இறங்கிவிடுவது என்று ஏற்பாடு. உலகத்தில் இது தெரிந்தது இரண்டு பேருக்கு. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், "கொஞ்சம் அனுசரிச்சுப் போடி," என்றுதான் பதில் வரும்.

இப்போது அது ஜெராக்ஸ் கடைப்பெண்ணுக்கும் தெரியும்.

முணுமுணு அந்தப் பாட்டைப் பதிவு செய்த ஸ்டூடியோக்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, நெட்டுல எதை ஏத்துனீங்க? அது டம்மிண்ணா. நான்தான் மழை, ஜன்னல்னு எழுதி வேற பாடிக் கொடுத்தேனே."

"மழைப் பாட்டு செத்துப் போயிருந்துச்சும்மா. இதுல உயிர் இருக்கு. எது நல்லா இருக்கோ அதை ஏத்திடறேன்னு சொன்னேன், நீயும் தலையாட்டிட்டுத்தானே போனே?"

தலையாட்டியது உண்மை. மழைப் பாட்டை இரண்டு விதமாகப் பாடியிருந்தாள், அதில் எது என்று கேட்கிறார் என்று நினைத்தாள். டம்மி பாடிய ட்ராக்கை எடுத்துப் போடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. அதையெல்லாம் யாராவது வைத்திருப்பார்களா என்ன?

"எறக்குங்கண்ணா. இப்பவே."

"பைத்தியமா உனக்கு? ஒரு மியூசிக் கம்பெனியிலேர்ந்து பேசுனாங்க. உன்னைப் பாக்கணுமாம். எத்தனை வருஷமா உன் குரலை என் கையாலயே அழிச்சிருக்கேன், எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா? இன்னைக்குத்தான் அழிக்காம விட்டேன்."

நல்ல மனுஷன், மனசார நல்லது செய்திருந்தார். அதுதான் கொடுமை. "எங்கக்கா உயிர் போயிடும்ணா," என்று அவள் அழுத பிறகு அவர் பாட்டை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ. புதுப்பாட்டு எது வந்தாலும் ஸ்பீக்கரைச் சோதித்துக் காட்ட அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்கிறவர் அத்தான். அக்கா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இதே நினைப்பு. ஒவ்வொரு சிக்னலிலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். இரண்டிலும் அவள் குரல், தெரு அதிர. குழாயைத் திற, குழாயைத் திற. திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது, மாடி ஜன்னலைப் பார்த்ததும் நடந்தாள்.

"இதோ, பாடினவங்களே வந்துட்டாங்க," என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார் அத்தான். "என் மச்சினிச்சி."

ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் சிரித்தான். பழைய ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "நல்லா இருக்கும்மா உன் குரல்," என்றாள்.

"வரி யாரு எழுதுனது?" என்று கேட்டார் அத்தான்.

"நான்தான் அத்தான்."

"கற்பனையா?"

"ஆமா. சும்மா, கற்பனை."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்." பாட்டை மெதுவாகக் குறைத்தார். "ஆனா பாரு, நம்ம வீட்டுலயும் டேங்க் சீக்கிரம் சீக்கிரம் காலியாகுது. எங்கயோ ஒழுகுதுன்னு ப்ளம்பரைக்கூட வரச் சொல்லியிருந்தேன்."

பாட்டு நின்றது. நின்ற பிறகுதான் கேட்டது, மாடியிலிருந்து சுவரோடு இறங்கும் குழாயில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரம் முணுமுணுவின் கையில் போன் அதிர்ந்தது. யார் என்று பார்க்கத் தேவையே இல்லை. அத்தான் போனையும் பார்த்தார், குழாயையும் பார்த்தார். முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை.

"நீ இங்கயே இரு. கடையைக் கொஞ்சம் பாத்துக்கோ," என்றார். "அக்காவைப் பாத்துட்டு வந்துடறேன்."

இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டே படியேறினார். அவசரமே இல்லை. யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது? அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மேலே கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் அங்கே நடப்பது தெருவுக்குக் கேட்காது. முணுமுணுவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்றுதான். மேஜைமேல் சோதனைக்கு வைத்திருந்த மைக்கை எடுத்தாள். ஸ்பீக்கர் கிறீச்சிட்டது.

"அக்கா." இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். "அக்கா, நான் கீழதான் நிக்கிறேன். கடையில ஆளுங்க இருக்காங்க. இப்பவே சாவியை எடுத்துத் தெறந்துக்கிட்டு வா."

அத்தான் பாதிப்படியில் திரும்பினார். "என்ன விளையாட்டு இது?" என்று சிரித்தார், கடைக்கு வந்தவர்களுக்கான அதே சிரிப்பு.

"விளையாட்டு இல்ல. இவரு எங்கக்காவை உள்ள வெச்சுப் பூட்டியிருக்காரு. தினமும் பூட்டுறாரு. அடிக்கிறாரு." தெரு முழுக்க அவள் குரல் போனது. எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அத்தான் ஒரு படி இறங்கினார். இறங்கிவந்து தன் கழுத்தைப் பிடிக்கப்போகிறார் என்றே அவள் நினைத்தாள். மைக்கை மட்டும் விடவில்லை.

மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு கம்பிக் கதவு திறந்தது. அக்கா வந்தாள். முழங்கைவரை மாவு, மாற்றிக்கொள்ளாத வீட்டுத்துணி, காலில் செருப்புகூட இல்லை. படியின் நடுவில் அத்தான் நின்றார்.

"எங்க போற?" என்று தணிந்த குரலில் கேட்டார். அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியம்மா ரேடியோவை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் படியடிக்கு வந்தாள். "வழி விடுப்பா. அந்தப் பொண்ணு எறங்கட்டும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பெயர் வாங்கியவருக்கு அதைக் காப்பாற்ற வேண்டுமே, சுவரோடு ஒதுங்கினார். அக்கா அவரைத் தாண்டி இறங்கினாள். முணுமுணு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் முணுமுணு பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எந்த பைக் நெருங்கினாலும் அவருடையதாகத் தெரிந்தது. அக்கா மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். மேலே அந்தப் பாட்டை அவளும் கேட்டிருக்கிறாள், முதலிலிருந்து கடைசிவரை, திரும்பத் திரும்ப. அவர் எந்த நிமிஷம் மேலே வருவாரோ என்று காத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"மன்னிச்சிடுக்கா. அது டம்மி. அழிச்சிடுவாங்கன்னு நெனச்சேன்."

"அழிச்சிடுவாங்கன்னா என் கதையைப் பாடலாமா?" என்று கேட்டாள் அக்கா. கொஞ்ச தூரம் போன பிறகு, "உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்," என்றாள்.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியும் அத்தானின் பைக் இரண்டொரு தடவை தெருமுனையில் நின்றது. மணி அடித்தால் இன்றைக்கும் இருவரில் ஒருத்தி சங்கிலியைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள். அந்தக் கம்பெனி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டைத் திரும்ப ஏற்றட்டுமா என்று முணுமுணு ஒரே ஒரு முறை கேட்டாள். "உன் பாட்டு, உன் இஷ்டம்," என்றாள் அக்கா. அதற்குமேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, ஏற்றவும் இல்லை. ட்ராக் பாடத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரே அறையில் இருக்கிறார்கள். அக்கா எல்லாம் பேசுகிறாள், வேலை தேடுவதை, வாடகையை, தண்ணீர் வராததை. முணுமுணு பக்கத்தில் இருக்கும்போது தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.