டீச்சர் வாங்கிய ஆம்ப்ளிஃபையர்

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், நாற்பது நாற்காலி போட்ட நீள அறை. வெளிநாட்டு வேலைக்காக மொழித் தேர்வு எழுதுகிறவர்கள் அங்கே படிக்க வந்தார்கள். நர்ஸ்கள், வெல்டர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். தேர்வில் கேட்டல் என்று ஒரு பகுதி உண்டு. யாரோ பேசுவதைக் காதால் கேட்டு விடை எழுத வேண்டும். அந்த யாரோ பத்தொன்பது வருஷமாக டீச்சர்தான். ரயில் நிலைய அறிவிப்பு, கடைக்காரரிடம் சண்டை போடும் பெண், டாக்டரிடம் வயிற்றுவலி சொல்லும் கிழவர், எல்லோரும் அவள் தொண்டையில் குடியிருந்தார்கள். தேர்வில் செய்வதுபோலவே ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு முறை வாசிப்பாள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் அதற்கும் மேலே கத்துவாள். ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு.

தொண்டை ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் அறிவிப்பாளரின் உச்சக்குரல் உடைந்தது. அப்புறம் மாலை வகுப்பில் அவள் குரலில் எல்லோருமே கிழவர்களாகிவிட்டார்கள். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, மூன்று மாதம் பேசக் கூடாது என்றார் டாக்டர். "டீச்சர் வேலை பாக்கறீங்க, பேசாம இருக்க முடியுமா?" என்று அவரே கேட்டு, அவரே சிரித்துக்கொண்டார்.

விஷயத்தைத் தம்பியிடம் மட்டும் சொன்னாள். முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. சேர வருகிற ஒவ்வொருவரிடமும், "எங்க டீச்சர் குரல்தான் எங்க போர்டு" என்று சொல்லிச் சேர்க்கிற மனிதர் அவர். எழுத்து அழிந்த போர்டை யார் மாட்டி வைத்திருப்பார்கள்?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மிச்சமிருக்கிற குரலில் பாடங்களைப் பதிவு செய்துவிடுவது, வகுப்பில் இருக்கும் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவது. கம்ப்யூட்டரோடு வந்த ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான், அதன் சத்தம் இரண்டாவது வரிசைக்குப் போவதற்குள் களைத்துவிடும். ஆனால் சாமான் அறையில், முன்பு அங்கே நடந்த நடன வகுப்புக்காரர்கள் விட்டுப்போன இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் தூசியோடு கிடந்தன. அவற்றுக்கு உயிர் கொடுக்க ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

"பிள்ளைங்களுக்குப் பரீட்சை மாதிரியே பழகும் சார்" என்று முதலாளியிடம் சொன்னாள்.

"தாராளமா செய்ங்க டீச்சர். என் தலையில மட்டும் கட்டிடாதீங்க."

அவளே வாங்கினாள், இருப்பதிலேயே மலிவானது எதுவோ அதை. சோப்புப் பெட்டி அளவு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"நூறும் நூறும் இருநூறு வாட்டாம். யாரு சொன்னதுக்கா?"

"பெட்டியில போட்டிருக்கு."

"பெட்டியில என்ன வேணா போடுவான். கூட வந்த அடாப்டரைப் பாரு. பன்னிரண்டு வோல்ட், ரெண்டு ஆம்பியர். பெருக்கிப் பாரு, இருபத்திநாலு வாட்தான் உள்ளயே போகுது. உள்ள போறதுக்கு மேல வெளிய எப்படி வரும்? ஒண்ணும் சாப்பிடாம கத்தறதுக்கு அது என்ன நீயா?"

அவன் சொன்னபடியே ஆயிற்று. முதல் நாள், சத்தத்தைக் கூட்டியதும், சண்டைக்காரப் பெண் குரலை உயர்த்துகிற இடமெல்லாம் ஆம்ப்ளிஃபையரின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. வார்த்தை பாதியில் விழுந்து எழுந்து வந்தது.

"மிஸ், அந்தம்மாவுக்கு விக்கல். தண்ணி குடுங்க" என்றார் கடைசி வரிசை லாரிக்காரர். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்து வைத்தாள்.

ஆம்ப்ளிஃபையரின் அடியில் இருபத்திநாலு வோல்ட் வரை தாங்கும் என்று பொடி எழுத்தில் இருந்தது. தம்பி தன் கடைக் குப்பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப் அடாப்டரை எடுத்துவந்தான். பத்தொன்பது வோல்ட், நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். மீட்டரை வைத்து அளந்தான். "பின்னோட நடுவுல இருக்கிறது பிளஸ்ஸான்னு பாக்காம சொருகினா ஒரே புகைதான், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றபடி சொருகினான். விக்கல் நின்றது. ஆனால் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு பறந்தது. கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தீப்பெட்டி அளவில், இரைச்சலைத் தடுக்கும் இன்னொரு டப்பாவை வைத்துத் தம்பி அந்தக் கொசுவையும் அடித்தான்.

பதிவு வீட்டில் நடந்தது. விடிகாலையில்தான் தொண்டை சொன்னபடி கேட்கும். எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசித்தாள். பேசாதே என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த மூன்று வாரத்தில், வேறெப்போதும் பேசாத அளவுக்குப் பேசினாள். நாற்பது பாடம். ஒரு சொல் பிசிறினாலும் மறுபடி முதலிலிருந்து. நாற்பதாவது பாடம் முடிந்த அன்று பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சைகையில்தான் சொல்ல முடிந்தது.

வகுப்பில் அவள் கரும்பலகையில் எழுதினாள், குரல் தானாக ஓடியது. ஒரு நாள் முதலாளி வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கீழ கம்ப்ரஸர் ஓடுதா?" என்று பக்கத்திலிருந்த நர்ஸிடம் கேட்டார்.

"ஓடுது சார்."

"தெரியவே இல்லையே."

அன்றைக்கு டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறு வாரம் ரிசப்ஷனில் இருக்கும் பெண் சும்மா பார்க்க என்று வந்து உட்கார்ந்தாள். எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது மறுபடி போடுவது என்று கேட்டாள். நல்ல பெண். டீச்சர் ஒரு தாளில் விவரமாக எழுதியே கொடுத்தாள்.

மாதக் கடைசியில் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். வகுப்புக்கும் அந்த அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான்.

"தொண்டை விஷயத்தை என்கிட்டயே மறைச்சிட்டீங்களே டீச்சர். எல்லாத்தையும் எழுதியே காட்டறீங்கன்னு பிள்ளைங்க சொல்லித்தான் தெரியுது. நான் என்ன வேத்து ஆளா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணாந் தேதியிலிருந்து வீட்ல இருங்க. உடம்புதான் முக்கியம். மூணு வகுப்பையும் அந்தப் பொண்ணே பாத்துக்கும், பட்டனை அமுக்கறதுதானே. நல்லா ஆனதும் பாப்போம்." நாற்காலியை நகர்த்திக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: "பாடத்தையெல்லாம் ஒரு காப்பி எடுத்து வெச்சாச்சு. புதுக் கிளைக்கும் ஆகும்."

"அது என் குரல் சார்" என்றாள் டீச்சர்.

வந்தது காற்றுதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே நேரம் ரிசப்ஷன் பெண் பாடத்தின் இரண்டாவது வாசிப்பைப் போட்டாள். தெளிவான, உறுதியான, எங்கேயும் பிசிறாத குரல்.

"என்ன சொல்றீங்க? அங்க ஓடறதுல ஒண்ணும் கேக்கலை."

அவள் எட்டி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். முதலாளி காதைத் திருப்பிக் காட்டினார். பிறகு எழுந்தார்.

"இருங்க, குறைக்கச் சொல்றேன்."

டீச்சர் அவசரமாகக் கையை நீட்டி அவரைத் தடுத்தாள். இரண்டாவது வாசிப்பு. உள்ளே நாற்பது பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். உட்காரும்படி சைகை காட்டினாள். அவரும் உட்கார்ந்தார். முழுதாக ஆறு நிமிஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டார்கள்.

பாடம் முடிந்து அறை அமைதியானபோது முதலாளி போனில் வேறு யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தார்.