பயத்தில் முதல் மார்க்

கபடி ஆடும் பெண்களின் மனநிலையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தென்காசி அணிப் பிள்ளைகள் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் வேனில் உட்கார்ந்தபடியே என் கேள்வித்தாளை நிரப்பித் தருவார்கள். பதற்றம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். ஃபைனலுக்கு முந்தைய வாரம் கோச் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி, பரீட்சைப் பேப்பர் மாதிரி வாசித்துவிட்டார்.

"பயத்துல இந்தப் பிள்ளதான் ஃபர்ஸ்ட் மார்க். ஃபைனல்ல இவள எறக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பிள்ளை வடகரைக்காரி. ரெய்டு போவதில் அணியிலேயே கெட்டிக்காரி. என் தாளை வைத்தே அவளை உட்கார வைக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பயிற்சி முடிந்ததும் அணி மொத்தமும் குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பியது. நானும் போனேன். குளித்து வந்தவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட அவ்வளவு பயமா என்று கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "நெஞ்சு படபடன்னு அடிச்சாத்தாங்க்கா எனக்கு காலே ஓடும். சும்மா இருந்தாத்தான் பயம். அருவிக்கு வெளிய நிக்கையில நடுங்குதுல்லா, உள்ள போயிட்டா எவ வெளிய வருதா?"

என் கேள்வித்தாள் எவ்வளவு பதற்றம் என்று மட்டுமே கேட்டிருந்தது. அந்தப் பதற்றம் கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா என்று கேட்கவே இல்லை.

கோச்சிடம் சொன்னேன். "பேச்சுல ஆயிரம் சொல்லலாம் மேடம்" என்று சிரித்தார். சரி, எண்ணாலேயே மடக்குகிறேன் என்று, ஒவ்வொருத்தியும் எடுத்த பாயிண்டுகளை அந்தந்த நாள் பதற்றத்துக்குப் பக்கத்தில் எழுதினேன். மற்றப் பிள்ளைகள் பதறிய நாளில் சொதப்பியிருந்தார்கள். இவள் பதறிய நாளெல்லாம் பாயிண்டாக அள்ளியிருந்தாள், அமைதியாக இருந்த நாளில் மண்ணைக் கவ்வியிருந்தாள். கோச் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெஞ்சுல இருக்கட்டும், பாப்போம்" என்றார். அதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை.

ஃபைனலில் பாயிண்ட் சமம், கடைசி ரெய்டு பாக்கி. கோச் டைம் அவுட் கேட்டுவிட்டு பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"பயமா இருக்கா பிள்ள?"

"ரொம்ப சார்."

"அப்ப நீ போ."

போனாள். காலைப் பிடித்துத் தொங்கிய இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டில் கையை வைத்தாள். ஆராய்ச்சிக்காரி என்பதெல்லாம் மறந்து தொண்டை கிழியக் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

கோப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோச் என்னிடம் வந்தார்.

"இனிமே பிள்ளையள்ட்ட பேசிட்டு மார்க்கு போடுங்க மேடம்" என்றார்.