முன் டயர் செய்யாத தப்பு

நாளைக் காலை குடும்பத்தோடு கல்வராயன் மலை ஏற வேண்டும். இன்று பார்த்து, முன்பக்க இடது டயரில் காற்று குறைவு என்று காரின் திரை காட்டியது.

கள்ளக்குறிச்சியில் டயர் கடை மணி அந்த டயரின் காற்றை அளந்து பார்த்தார். சரியாகவே இருந்தது.

"சென்சார் போச்சு சார். புச்சா போட்டுடலாம்."

"போன மாசம் முன் டயரப் பின்னாடி மாத்துனீங்களே, உள்ள இருக்குற சென்சாரோட புது இடத்தையும் கார்ல மாத்திப் பதிஞ்சீங்களா?"

"அத இன்னாத்துக்கு சார் பதியணும்?"

"என் வகுப்புல பசங்க பெஞ்சு மாறி உக்காந்துட்டாங்கன்னு வைங்க. நான் பழைய இடத்த வச்சே பேர் கூப்பிட்டா, அடி யாருக்கு வுழும்?"

மணி சிரித்தபடி பின்பக்க இடது டயரைச் சுற்றிப் பார்த்தார். ஆணி! பஞ்சர் ஒட்டி, நான்கு சென்சார்களையும் இப்போதைய இடப்படி பதிந்தார். திரையில் எச்சரிக்கை மறைந்தது.

இனி தைரியமாக மலை ஏறலாம். இடம் மாறி உட்கார்ந்தவனுக்காக என்னிடம் அடி வாங்கிய மாணவர்கள் இங்கே இருந்தால், கை தூக்குங்கள்.