மடாம் ஏற்றித் தந்த மெழுகுதிரி

உருகிய மெழுகும் தரை துடைக்கிற ஜவெல் தண்ணீரும் கலந்த அந்த மணம் எங்காவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் அங்கே நிற்பதில்லை. பிரெஞ்சு பேசுகிற குளிர் ஊரான சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வயதான ஒரு யூத அம்மா தனியாக இருந்தார். எங்கள் வீட்டில் அவருக்கு "மடாம்" என்றுதான் பெயர். அம்மா அங்கே துப்புரவு வேலைக்குப் போவார். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது, ஆகையால் பள்ளி விட்டு வந்த நான், பத்து வயதுக்காரி, இருவருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்வேன்.

பனி உருகுகிற நாட்களில் மடாமின் ஆட்களுக்கு ஒரு நினைவு நாள் வரும், போரில் இறந்தவர்களுக்கான நாள். அவர்களுடைய யூத நாட்டில் அன்றைக்குச் சைரன் ஊதினால் தெருவில் போகிற கார்கூட நின்றுவிடுமாம். இங்கே சைரன் இல்லாததால் மடாம் மணிக்கூட்டைப் பார்த்துக் கதிரையிலிருந்து எழுந்து, பட்டாளத்தில் செத்த மகனின் படத்துக்கு முன் அசையாமல் நிற்பார். கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி இரவும் பகலும் எரியும். பொழுதுபட்டதும் அதே நாட்டின் சுதந்திரக் கொண்டாட்டம் தொடங்கிவிடும். மடாம் உதட்டுச் சாயம் பூசி, நீலவெள்ளைக் கொடி கட்டி வருகிற காரில் ஏறி, மண்டபத்துக்கு ஆடப் போவார். "செத்தவீடும் கலியாணவீடும் ஒரே நாளிலயோ, முருகா!" என்று அம்மா வாயில் கை வைப்பார். எங்களில் சாவு விழுந்தால் ஒரு வருடம் தீபாவளிகூட இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவர் குறைவுதான். அண்ணனைப் பதினைந்து வயதில், சண்டை நடந்த எங்கள் ஊரில் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஐந்து வருடம்; இருக்கிறான் என்றும் சேதியில்லை, இல்லை என்றும் சேதியில்லை. அம்மா வருடா வருடம் மலிவு விற்பனையில் அவனுக்கு ஒரு குளிர் கோட்டு, வளர்ந்திருப்பான் என்று ஓரளவு பெரிதாகவே, வாங்கி அலுமாரியில் தொங்கவிடுவார். எனக்கு யாரோ கழித்துக் கொடுத்த, "சிப்" அறுந்த கோட்டு. கேட்டால், "அவன் வந்து குளிருக்க நிக்கிறதோ? உனக்கு இது காணும்" என்பார். கடவுள் மன்னிக்கட்டும், முகமும் சரியாக நினைவில்லாத அந்த அண்ணனை நான் வெறுத்தேன்.

ஒரு நினைவு நாளில், அம்மா குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உனக்குச் சகோதரம் இருக்கிறதா என்று மடாம் கேட்டார். ஒரு அண்ணன், செத்துப்போனான் என்றேன். மடாம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு அது இனித்தது. பிறகு அவர் இன்னொரு மெழுகுதிரியை எடுத்து ஏற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அம்மாவுக்கு முன் நின்றார். "இது உன் மகனுக்கு என்று சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன்.

அம்மா மடாமைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஆரடி சொன்னது?"

பிறகு, விளக்கை நாங்கள் வாயால் ஊதினால் வாயிலேயே அடிக்கிற என் அம்மா, குனிந்து அந்தச் சுடரை ஊதி அணைத்தார். "சொல்லு அவவுக்கு. என்ர பிள்ளை இருக்கிறான். செத்தது உன்ர பிள்ளை எண்டு சொல்லு."

அம்மா நன்றி சொல்கிறார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நானோ ஒரு சொல்லும் விடாமல், பள்ளியில் படித்த நல்ல பிரெஞ்சில் சொன்னேன். மடாம் அணைந்த குவளையோடு கதிரையில் இருந்துவிட்டார்.

படியிறங்கும்போது அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. "உன்ர வாயால சொல்லிப்போட்டாய். இனி அவனுக்கு ஒண்டு நடந்தா நீதானடி கொலைகாரி." அன்று பொழுதுபட, கொடி கட்டிய கார் வந்து "ஹோர்ன்" அடித்து அடித்து, மடாம் இல்லாமலே திரும்பிப் போனதை எங்கள் ஜன்னலால் பார்த்தேன். அதன்பின் அவர் அம்மாவை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மடாம் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரியாது. அம்மா போன வருடம் மோசம் போனார், கடைசி மூச்சு வரைக்கும் மகன் வருவான் என்ற நினைப்போடு. அவருடைய முதலாண்டுத் திவசத்துக்கு, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுத ஐயர் வந்தார். இடையில் செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொன்னேன், அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"வேற ஆரும் இருக்கினமோ, பிள்ளை?"

பத்து வயதில் அண்ணன் செத்துப்போனான் என்று அவ்வளவு லேசாகச் சொன்னவள் நான். "இல்லை ஐயா" என்றேன். ஐயர் தாளை மடித்துக்கொண்டார். அண்ணன் வருவான் என்று சொல்ல வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை.