சம்பூரணத்தின் கூறைப்புடவை

குணவதிக்கு மூக்குதான் முதல் என்று பிள்ளையார்பாளையத்தில் கேலி பேசுவார்கள். பட்டுப்புடவை கட்டிவிடுவது, கறை எடுப்பது, மடிப்பு மாற்றி வைப்பது என்று இருபத்தாறு வருடமாக அவள் பிழைப்பு ஓடுகிறது. மண்டபத்தில் மகாராணி மாதிரி நின்றவளின் புடவை மறுவாரம் அவளிடம் வந்து சேரும். இடுப்பு மடிப்பில் வேர்வை உப்புப் பூத்திருக்கும். முந்தானையில் பிள்ளையின் சளி காய்ந்திருக்கும். ஜரிகைமேல் சென்ட் அடித்த இடமெல்லாம் கறுத்திருக்கும். அதை அப்படியே சுருட்டி, அந்துருண்டையும் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். பிரிக்கும்போதே அவளுக்குக் குமட்டும்.

"சாப்பிட்ட எச்சில் இலையையும் இப்படித்தான் மடிச்சு பீரோவுல வைப்பீங்களா?" என்று கேட்டுவிடுவாள். வாடிக்கை பாதியானதற்கு அந்த வாய்தான் காரணம்.

அருவருப்பில்லாமல் அவள் தொட்ட புடவை ஒன்று உண்டு. பின்தெரு சம்பூரணத்தின் கூறைப்புடவை. மாம்பழ நிறம், அரக்குக் கரை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஏகாம்பரமே தன் தறியில் உட்கார்ந்து நெய்தது. மூன்று மாதத்துக்கொரு தடவை குணவதி போய், நிழலில் காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்துவிட்டு வருவாள்.

"நான் போறப்ப இதோடதான் போவணும். நீதான் கட்டிவுடணும்," என்று சம்பூரணம் சொல்லியிருந்தாள். குணவதியும் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

பத்து நாள் படுக்கையில் கிடந்து சம்பூரணம் போய்ச்சேர்ந்தாள். குளிப்பாட்டி முடித்ததும், மருமகள் பிரமிளா அந்த வேட்டி மூட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். குணவதி பிரித்தாள். அதே மாம்பழ நிறம், அதே அரக்குக் கரை. ஆனால் கையில் கனமே இல்லை. கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினாள். கைத்தறியில் கரையைத் தனியாகக் கோர்வை போட்டு இணைத்து நெய்ததென்றால் அங்கே பல் பல்லாகத் தட்டுப்படும். இது கண்ணாடிபோல வழுக்கியது. விசைத்தறிப் புடவை.

பிரமிளாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தையோட புடவை எங்க?"

"பழைய ஜரிகைக்காரன்கிட்ட போட்டாச்சுக்கா. எரியப்போறதுக்கு எது கட்டினா என்ன?"

"எப்ப போட்ட?"

"போன வியாழக்கிழமை."

வியாழக்கிழமை சம்பூரணம் கண் திறந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். குணவதிதான் வாய் துடைத்துவிட்டாள். இத்தனை வருடம் எத்தனையோ பேர் அழுக்கை முகர்ந்தவளுக்கு அந்த நிமிஷம்தான் நிஜமாகவே வாந்தி வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கிழம் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கறப்பவே உருவிட்டியேடி."

"நீங்கதானக்கா சொன்னீங்க, அத்தனையும் வெள்ளி, இப்பல்லாம் இப்படி வராதுன்னு."

சொன்னாள்தான். ஒவ்வொரு தடவை மடிக்கும்போதும் ஊருக்கே கேட்கும்படி பீற்றிக்கொண்டாள். தன் வாயை நினைத்தே அவளுக்கு அருவருத்தது. இனி ஜரிகைக்காரனைத் தேடியும் பயனில்லை. அவன் அதை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுத்திருப்பான்.

அவர்கள் வீட்டு வழக்கப்படி, கூறையைப் புருஷன்தான் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏகாம்பரத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்தத் தைரியத்தில்தான் பிரமிளா இதைச் செய்திருக்கிறாள். எழவு வீட்டில் இவள் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றினால் அந்த மனுஷன் தாங்குவாரா என்று குணவதி யோசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு புடவையைத் தட்டில் வைத்து, கூடத்துக்குப் போய் அவர் முன்னால் நீட்டினாள்.

ஏகாம்பரம் இரண்டு கையாலும் எடுத்தார். கட்டைவிரல் கரையோரமாகவே போயிற்று. சட்டென்று நின்றது. திரும்ப வந்து, அதே இடத்தை மறுபடி தடவிப் பார்த்தது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். பிரமிளா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் புடவையைக் குணவதி கையில் வைத்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"கட்டிவுடும்மா. சம்பூரணத்துகிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார்.