எறும்பு என்ன தூக்கிக்கொண்டு போகிறது?

அனுப்பியாயிற்று என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தமா? எறும்பக்கா மாடிப்படியில் வைத்து என்னிடம் இப்படிக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் அப்படியே விழுங்கிவிட்டேன்.

எறும்பக்காவின் வேலை நாடக மேடைக்குத் திரை வரைவது. தூரிகையால் இல்லை, கம்ப்யூட்டரில். மேடைக்குப் பின்னால் முழு அகலத்துக்கும் தொங்கும் மலை, கடல், மாளிகை, கடைத்தெரு எல்லாமே எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், துணி காயும் பால்கனியை ஒட்டிய சின்ன அறையில்தான் பிறக்கின்றன. வாடிக்கையாளர்கள் எல்லாரும் இணையத்தில் தேடி வந்தவர்கள். ஒருவர் முகத்தையும் அக்கா நேரில் பார்த்ததில்லை.

படம் ஒவ்வொன்றும் ராட்சசன். சுவர் மாதிரி பெரிய துணியில் அடித்தாலும் இலையின் நரம்பு தெரிய வேண்டுமே! அதை மின்னஞ்சலில் அனுப்பப் பார்ப்பது யானையைத் தீப்பெட்டிக்குள் அடைக்கப் பார்ப்பது போலத்தான். அதனால் இணையத்தில் ஓரிடத்தில் ஏற்றி வைத்து, இறக்கிக்கொள்ள லிங்க் அனுப்புவார். ஏறி முடிவதற்குள் ஒரு பகல் போய்விடும். அன்றைக்கு வீட்டில் யாரும் போனில் வீடியோ பார்க்கக் கூடாது. "இன்னைக்கு எங்க வீட்டுல ஊரடங்கு" என்பார் அக்காவின் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

ஏற்றிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. அக்காவுக்கு அங்கேதான் பாதி வேலையே ஆரம்பிக்கும். படம் மேலிருந்து கீழாக வந்து சேரும். நடுவில் அறுந்தால் அடிப்பக்கம்தான் காணாமல் போகும். அதனால் எந்தப் படமானாலும் வலது கீழ் மூலையில், கடைசியாக வந்து சேரும் இடத்தில், ஒரு குட்டி எறும்பை வரைந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் அது வேறு எதையாவது தூக்கிக்கொண்டு போகும். வாடிக்கையாளர் "வந்துருச்சு" என்று சொன்னால் போதாது. எறும்பு என்ன தூக்கிக்கொண்டு போகிறது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அக்காவுக்கு மனசு ஆறும். பெயரும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இதற்கு முன்னால் அக்கா ஒரு பெரிய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க நின்ற நிலை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்ற முடியாமல் கால் வீங்கியிருக்கும். அதை விட்டுவிட்டுத்தான் திரை வரைய உட்கார்ந்தார். ஒரு நாடகக் குழு அந்த வருஷத்து நாடகங்கள் எல்லாவற்றுக்கும் அவரிடமே திரை வாங்குவதாகச் சொன்னது, முதல் திரை நல்லபடியாக வந்தால். வராவிட்டால் மறுபடி பில் கவுண்டர்தான்.

முதல் திரை ஒரு மலையடிவாரம். குழுவின் ஊரிலேயே இருந்த அச்சுக்கடைக்காரர் அதை இறக்கித் துணியில் அடிக்க வேண்டும். அக்காவின் வேறொரு படத்தை முன்பே அடித்தவர்தான். நாடகத்துக்கு முந்தின நாள் காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது: "வந்துருச்சு. சூப்பர்." எறும்பைப் பற்றி மூச்சே இல்லை.

அக்கா போன் போட்டார். "சார், எறும்பு என்ன தூக்கிட்டுப் போகுது?"

"ஏம்மா, நான் என்ன எல்கேஜி படிக்கிறேனா? துணியை மெஷின்ல மாட்டிட்டேன். சாயங்காலம் குடுத்தாகணும்."

"ஒரே ஒரு தடவை பாத்து சொல்லிடுங்க சார்."

"குடை. குடைதானே? போதுமா?"

குடை போன படத்தில் இருந்தது.

"சார், தயவுசெஞ்சு மெஷினை ஓட விடாதீங்க. பெரிய படத்தைத் திறந்து பாத்தீங்களா, இல்ல மாதிரிக்கு அனுப்பின சின்னப் படத்தையா?"

"சின்னது நல்லா இருந்தா பெரிசும் நல்லாத்தான் இருக்கும். பெரிசைத் திறந்தா என் கம்ப்யூட்டருக்கு நாக்குத் தள்ளிடும். இப்படி நோண்டிக்கிட்டே இருந்தீங்கன்னா டைரக்டர்கிட்ட சொல்லிடுவேன். அவர் வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

பக்கத்தில் நின்ற கணவர் 'விடு, விடு' என்று கையைக் காட்டினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவர் பாக்காமலே குடைன்னு சும்மா அடிச்சு விட்டிருப்பாரு. ஃபைல் நல்லாத்தான் இருக்கும். வாயைக் குடுத்து வேலையைக் கெடுத்துக்காத."

அப்படியும் இருக்கலாம். அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் அப்படி இல்லாமலும் இருக்கலாம். போனை மறுபடி காதில் வைத்தார்.

"தாராளமா சொல்லுங்க சார். ஆனா திறந்து பாத்துட்டு சொல்லுங்க."

அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அக்கா பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஒரே சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்தச் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் கணவர். அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன் அடித்தது. இந்தத் தடவை 'ஏம்மா' இல்லை.

"அக்கா... மலைக்குக் கீழ ஒண்ணுமே இல்லக்கா. சாம்பல் பூசின மாதிரி இருக்கு."

"இறங்கிட்டிருக்கும்போது எங்கயாவது எழுந்து போனீங்களா?"

"டீ குடிக்கப் போனேன்."

"நீங்க டீ குடிக்கப் போனீங்க. கம்ப்யூட்டர் தூங்கப் போயிருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, 'நான் அப்பவே சொன்னேனே' என்று குத்திக் காட்டவும் இல்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். முழுப் படத்தையும் மறுபடி இறக்க நேரம் இல்லை என்பதால், விட்டுப்போன அடிப்பக்கத்தை மட்டும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஏற்றினார். அறுந்தாலும் ஒரு துண்டோடு போகட்டும் என்று. ஒன்று இறங்கியதும் அடுத்தது. இரண்டு பக்கமும் போனை வைக்கவே இல்லை.

"அக்கா, டீ வந்திருக்கு. இங்கயே குடிச்சுக்கலாமா?"

"குடிங்க. மவுஸை மட்டும் ஆட்டிக்கிட்டே இருங்க."

கடைசித் துண்டும் இறங்கியது. அக்கா சொல்லச் சொல்ல அச்சுக்கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் திறந்தார். அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். திடீரென்று அந்தப் பக்கம் ஒரு வெடிச் சிரிப்பு.

"மூக்குக்கண்ணாடி! அக்கா, எறும்பு மூக்குக்கண்ணாடி தூக்கிட்டுப் போகுது!"

ஸ்பீக்கரில் அதைக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் துள்ளி எழுந்தார். "என் கண்ணாடியா? இத்தனை நாளா வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடறேன்!"

"அதான் எறும்பு கொண்டு போயிருச்சே" என்றார் அக்கா. "இப்ப மெஷினை ஓட விடுங்க சார்."

மறுநாள் நாடகம் முடிந்ததும் டைரக்டர் மேடையைப் படம் எடுத்து அனுப்பினார். மலை அடிவாரம் வரை இறங்கி நிற்கிறது. எறும்பு தெரியவில்லை, அந்த மூலையில் யாரோ ஒரு நடிகர் நின்றுகொண்டிருக்கிறார். கீழே ஒரு வரி: "அடுத்தது கடற்கரை. எப்ப ஆரம்பிக்கலாம்?"

அச்சுக்கடைக்காரர் இப்போதெல்லாம் அக்கா கேட்கும்வரை காத்திருப்பதில்லை. அவரே போன் போட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், "சீப்பு!" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்.

மாடிப்படிக் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். நீங்களும் எறும்பக்காவின் கதையை யாருக்காவது சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், கேட்டீர்களா என்று கேட்காதீர்கள். எறும்பு என்ன தூக்கிக்கொண்டு போனது என்று கேளுங்கள்.