நூற்றுக்கு ஒன்று சரிவு

பைப்புக்காரர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தால் இந்த ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் வந்திருக்காது என்பது அவருடைய கட்சி. சின்ன வயதில் மண்வெட்டி பிடித்த கை, இருபத்தெட்டில் சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்தது. நாற்பதில் மேட்டுத் தெருவையும் பள்ளத் தெருவையும் ஒரே கழிவுக் குழாயில் கோத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் குளியலறைக்குக் கூட்டிப் போவார். தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பார். ஒரு சொட்டுக்கூட நிற்காமல் அது மூலைக்கு ஓடுவதை விருந்தாளி பார்த்து முடித்த பிறகுதான் நாற்காலி கிடைக்கும்.

அப்படிப்பட்டவர் அறுபத்திரண்டு வயதில் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடினாரென்றால், அதற்குக் காரணம் சம்பந்தி. மகளைக் கொடுத்த வீட்டுக்காரர், பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஓரியண்டியரிங் சங்கத்தில் அறுபதைத் தாண்டியவர்களில் பெயர் வாங்கிய ஆள்.

விளையாட்டு ஒன்றும் பெரிய மாயமில்லை. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டில் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி தொங்கும். ஒன்று, இரண்டு என்று வரிசை தப்பாமல் தேடிப் போகவேண்டும். கொடிக்குக் கொடி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். விரலில் மாட்டிய மின்னணுச் சில்லை அதில் வைத்தால் கீச்சென்று கத்தும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்பது அவரவர் சாமர்த்தியம். பாதையோடு சுற்றிப் போகலாம், மேட்டில் ஏறி நேரே இறங்கலாம், புதருக்குள் புகுந்து கிழிபடலாம்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வாத்தியார் வாயை விட்டார். "இது நிலத்தைப் படிக்கிற வேலை, சம்பந்தி. அதுக்குக் கொஞ்சம் படிப்பு வேணும்."

"நிலத்தை நீங்க படிச்சீங்க. நான் தோண்டினேன்," என்றார் பைப்புக்காரர். மறுவாரமே சங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்து மூன்று போட்டி ஓடினார். மூன்றிலும் அவர் பெயர் பட்டியலில் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு கொடி தப்பாகப் போயிருந்தது. காட்டில் மற்ற வயதுக்காரர்களின் கொடிகளும் தொங்கும். அதனால் கொடிக்குக் கொடி நம்பர் உண்டு, வரைபடத்தின் ஓரத்திலிருக்கும் நம்பரோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் சில்லை வைக்கவேண்டும். பைப்புக்காரர் பார்ப்பதில்லை.

"நான் போட்ட குழாயில எதுலயாவது நம்பர் எழுதியிருக்கேனா? எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போகலையா? உங்க வரைபடம்தான் தப்பு," என்று சங்கச் செயலாளரிடமே சொன்னார். செயலாளர் ஒரு பல் டாக்டரம்மா. கத்துகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்.

"லேசர் வெச்சு அளந்து வரைஞ்சது, ஐயா."

"லேசர் எத்தனை வருஷமா இருக்கு? நான் நாற்பது வருஷமா இருக்கேன்."

இந்த நிலையில்தான் அடுத்த மாதம் ஊர்களுக்கிடையே தொடர் ஓட்டம் என்று அறிவிப்பு வந்தது. அறுபதைத் தாண்டியவர்கள் மூன்று பேர் கொண்ட அணி. இரண்டு இடம் முடிவாகிவிட்டது. மூன்றாவது இடம், ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் பைப்புக்காரர், வாத்தியார் இருவரில் யார் முந்துகிறாரோ அவருக்கு. தப்புக் கொடி தொட்டால் ஆள் கணக்கிலேயே இல்லை.

பைப்புக்காரர் அன்று மாலையே முடிவெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் சொல்லிவிட்டார். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்க வந்தவரையும் விடவில்லை.

"உங்களைச் சேர்த்துட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"சேர்க்கப் போறாங்க."

"அதுக்குள்ள தெருவெல்லாம் சொல்லியாச்சு. இங்க பாருங்க, இந்தத் தடவையாவது நம்பரைப் பாருங்க. இல்லேன்னா நான் இனிமே கடைக்குப் பின்வாசல் வழியாத்தான் போகணும்."

"பின்வாசல்ல படி சரியில்ல," என்றார் அவர்.

ஞாயிறு காலை டாக்டரம்மா எல்லாரையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டார். ஐந்தாவது கொடிவரை சம்பந்திகள் இருவரும் முன்னும் பின்னுமாகவே வந்தார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு குன்று, கவிழ்த்து வைத்த அண்டாவைப் போல. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஆறு, இரண்டும் ஒரே உயரத்தில். வரைபடத்தில் பழுப்பு நிறச் சம உயரக் கோடு ஒன்று இரண்டையும் தொட்டுக்கொண்டு போனது. உச்சி ஏறி இறங்கினால் தூரம் கம்மி. முழங்கால் அங்கேயே ராஜினாமா கொடுத்துவிடும். அடிவாரம்வரை இறங்கிப் பாதையைப் பிடித்துச் சுற்றினால் தூரம் ஜாஸ்தி, ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மூன்றாவது வழி, அந்தக் கோட்டின் மேலேயே ஏறாமல் இறங்காமல் குன்றின் விலாவோடு சுற்றுவது.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். "பாதை இந்தப் பக்கம், சம்பந்தி."

"பாதை யாருக்கும் தெரியும், சம்பந்தி," என்று பைப்புக்காரர் விலாவைப் பிடித்தார்.

இது அவருடைய ராஜ்ஜியம். ரசமட்டப் பலகை இல்லாமல் கண்ணாலேயே மட்டம் பிடிக்கிறவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பாறை வந்தால் மேலே சுற்றினார், அடுத்த மரத்தில் கீழே சுற்றிக் கணக்கைச் சரிக்கட்டினார். கால் தன் பாட்டுக்கு அடி எண்ணியது. எண்ணூறு மீட்டர். நிமிர்ந்தால் எதிரே ஒரு பாறை, பாறையோரம் கொடி. கீழே பாதையில் வாத்தியாரின் தலையைக்கூடக் காணோம்.

சில்லு மாட்டிய விரல் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது அவருக்குப் பின்வாசல் படி ஞாபகம் வந்தது. சரி, ஒரு தடவை பார்த்துத் தொலைப்போம் என்று பார்த்தார். வரைபடத்தில் 51. கொடியில் 38.

முதலில் கொடியைச் சந்தேகப்பட்டார். பிறகு டாக்டரம்மாவைச் சந்தேகப்பட்டார். லேசரைத் திட்டினார். மூன்று தடவை படித்தும் 38 முப்பத்தெட்டாகவே நின்றது. திட்டுவதற்கு வேறு யாரும் மிச்சமில்லாததால் திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். காலையில் பெய்த தூறலில் புல் நனைந்திருந்தது. அவர் மிதித்த தடம் குன்றின் விலாவில் கோடாகத் தெரிந்தது.

என்ன அழகான கோடு. எங்கேயும் ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. ஐந்தாவது கொடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் சுற்றி வளைத்து நேரே அவர் காலடிக்கு வந்து சேரும்.

அங்கேதான் அவருக்கு உறைத்தது. தண்ணீர் வந்து சேரும் என்றால் அது மட்டமில்லை. மட்டமான குழாயில் தண்ணீர் நகராது என்று எத்தனை பையன்களை ஏசியிருக்கிறார். நூற்றுக்கு ஒன்று சரிவு கொடு, நூற்றுக்கு ஒன்று கொடு என்று நாற்பது வருஷம் கத்திக் கத்தி, அந்தச் சரிவு காலுக்குள் இறங்கிவிட்டது. இனி அவர் நினைத்தாலும் அவர் கால் மட்டமாக நடக்காது. போன மூன்று போட்டியிலும் தப்பு வரைபடத்தில் இல்லை. ஒவ்வொரு தடவையும் கழிவுக் குழாய் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் புதர் புதராகத் தேடியிருப்பார்கள். பைப்புக்காரர் கணக்குப் போட்டார். எண்ணூறு மீட்டர், நூற்றுக்கு ஒன்று, எட்டு மீட்டர். தரையிலிருந்து அவருடைய கண் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே; ஐந்து கண் உயரம் ஏறினால் எட்டு. மேட்டுப் பக்கம் திரும்பி மட்டமாகப் பார்த்தார், பார்வை இடித்த கல்லில் போய் நின்றார், அங்கிருந்து மறுபடி பார்த்தார். ஐந்தாவது கல்லில் ஏறினால் இன்னொரு பாறை. அதன் பின்னால் கொடி. 51. கீச்.

அதே நேரம் கீழேயிருந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு வாத்தியார் ஏறி வந்தார்.

"எனக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார்.

"வந்துட்டேன். வந்து சுத்திப் பார்த்துட்டு இருந்தேன்."

கடைசிக் கொடியான ஏழும் அதே விலாவில், அதே உயரத்தில்தான், இன்னும் அறுநூறு மீட்டர் தள்ளி. வாத்தியார் மறுபடி பாதைக்கு இறங்கினார். பைப்புக்காரர் மறுபடி விலாவைப் பிடித்தார். இந்தத் தடவை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் வேண்டுமென்றே மேலே ஏறிக்கொண்டார். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் யாரோ வீட்டுக் கழிவைத் திருப்பி அவர்கள் வீட்டுக்கே அனுப்புகிற மாதிரி மனசு கூசியது. ஆனாலும் ஏறினார். கொடி மூக்குக்கு நேரே வந்து நின்றது. நம்பரை இரண்டு தடவை படித்தார், வாய்விட்டு.

முடிவுக் கோட்டில் நாற்பது விநாடி முந்திவிட்டார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "நம்பர்?" என்றாள். "பார்த்தேன்," என்றார், பெரிய மனசு பண்ணி.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முந்தினவர் தாம் போன வழியைச் சிவப்புப் பேனாவால் வரைபடத்தில் வரைந்து பலகையில் குத்தவேண்டும்; எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள. பேனாவைக் கையில் வாங்கிய பைப்புக்காரர் முனையை ஐந்தாவது கொடியில் வைத்தார். ஐந்திலிருந்து ஆறுக்குச் சம உயரக் கோட்டின் மேலேயே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சரிவு விஷயத்தில் அவர் இன்றுவரை பொய்க் கணக்கு எழுதியதில்லை. உள்ளபடியே வரைந்தார், மெல்லக் கீழே இறங்கி, கடைசியில் செங்குத்தாக மேலே.

வாத்தியார் கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு மூக்கு பலகையில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார். "இதென்ன சம்பந்தி, இவ்வளவு தூரம் இறங்கியிருக்கீங்க? எட்டு மீட்டர் இருக்கும் போலயே."

"எட்டேதான். உங்களுக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தாத் தெரியுது. எனக்கு அங்க நின்னுக்கிட்டே தெரிஞ்சுது."

"அப்ப தப்பு பண்ணினீங்க."

"பண்ணினேன். இந்தக் காட்டுல தப்பு பண்ணாதவங்க யாரு? இத்தனை மீட்டர் தப்புன்னு அளந்து சொன்னவங்க யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

வாத்தியார் வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தார், சிரித்தார், கையை நீட்டினார். டாக்டரம்மா அணிப் பட்டியலில் மூன்றாவது வரியில் பைப்புக்காரர் பெயரை எழுதினார். மை காயும்வரை பைப்புக்காரர் அந்த மேஜையை விட்டு நகரவில்லை.